பேர் ஒருத்தனுக்கு, தாள் ஒருத்தனுக்கு

ஆடு காலை உதறி அடங்குவதற்குள் என் மச்சான் தோலுக்கும் சதைக்கும் நடுவே கையை நுழைத்துவிடுவார். அக்கா புருஷன். திருச்சுழி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கறிக்கடை. அருப்புக்கோட்டையில் பி.காம். முடித்துவிட்டு, வேலை எதுவும் அமையாமல் அந்தக் கடையில் ஒதுங்கிக் கிடந்த வருஷங்களில் நான் ரத்த வாடையில் தூங்கி ரத்த வாடையில் எழுந்தேன். வெயில் ஏற ஏற அந்த வாடை சட்டைப் பைக்குள்ளேயும் குடியேறிவிடும். டீக்குச் சில்லறை எடுத்துக் கொடுத்தால் டீக்கடைக்காரர் விரல் நுனியால் வாங்குவார்.

சாதாரண நாளில் கிலோக் கணக்கு. தீபாவளி, பொங்கல் வந்தால் பங்குக்கறி. பங்குக்காரர்கள் முன்னாலேயே பணம் கொடுத்துவிடுவார்கள். அதைச் சேர்த்து வீரசோழன் பக்கம் போய்க் கிடா பிடித்து வருவோம். கண்மாய்க்குள் ஒரு வேம்பில் தொங்கவிட்டு உரித்து, ஓலைப்பாயை விரித்து, மச்சான் கூறு போடுவார். எல்லாக் கூறிலும் தொடை இருக்கும், நெஞ்செலும்பு இருக்கும், ஈரலில் ஒரு கீற்று இருக்கும். பிறகு ஒருத்தர் பாய்க்கு முதுகு காட்டி நிற்பார். மச்சான் கத்தி முனையால் ஒரு கூறைத் தொட்டு, "இது யாருக்கு?" என்பார். நிற்பவர் திரும்பாமல் ஒரு பேரைச் சொல்வார். சொன்ன பேருக்குத் தொட்ட கூறு. அதில் பேச்சே கிடையாது. எல்லோரும் எடுத்த பிறகு மிஞ்சியதுதான் கூறு போட்டவருக்கு.

அது சாதுவான ஊர் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு சாண் வரப்புக்காக மண்வெட்டியைத் திருப்பிப் போட்டு அடிப்பார்கள். கிணற்றில் யார் முறை என்பதற்குக் காது அறுந்திருக்கிறது. கோயில் கொடையில் முதல் மரியாதை யாருக்கு என்று கேட்டு வைக்கோல் படப்பு எரிந்திருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் மச்சான் போட்ட கூறுக்கு முன்னால் மட்டும் கையைக் கட்டி நின்றார்கள். நிலமும் கிடையாது, நகையும் பெரிதாகக் கிடையாது. மச்சானுக்கு இருந்த சொத்து அந்த நம்பிக்கை ஒன்றுதான். கம்பெனிக்காரர் அதைத் தேடித்தான் கடைக்கு வந்தார்.

தொண்ணூறுகளின் தொடக்கம். மழை பொய்த்துக் கரிசல் வாய் பிளந்து கிடந்தது. வெள்ளைக் காரில் இறங்கியவர் மதுரைப் பக்கத்துப் பணக்காரக் குடும்பம். ஈ மொய்க்கும் கடைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். அதிலேயே மச்சான் பாதி விழுந்துவிட்டார். ஆட்டுக்கறியைப் பதப்படுத்தி, டின்னில் அடைத்து, அரபு நாட்டுக்கு அனுப்பும் ஆலை வரப்போகிறது. ரோட்டோரக் கருவேலங்காட்டை வளைத்து வேலி போட்டாயிற்று, ஒரு கொட்டகையும் எழும்பியாயிற்று. இதுவரை குடும்பத்து ஆட்கள் மட்டும் போட்ட முதல். மீதிக்கு ஊர் உலகத்திடம் பங்கு விற்கப் போகிறார்கள். பப்ளிக் இஷ்யூ. நேற்றுவரை ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்குள் இருந்த கம்பெனி, நாளை முதல் விண்ணப்பம் போடும் எவனுக்கும் கொஞ்சம் சொந்தம். நாடு முழுக்க அப்போது இதே காய்ச்சல். பங்கு விற்க டெல்லியில் கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்த காலம் போய், முளைத்து மூன்று இலை விடாத கம்பெனிகூடப் பேப்பரில் பக்கம் பக்கமாக விளம்பரம் கொடுத்தது.

"ஆடு நீங்கதான் சப்ளை பண்ணணும் அண்ணாச்சி. ஆலை ஓட ஆரம்பிச்சா தெனம் ஒரு லாரி லோடு" என்றார் அவர். மச்சான் கையை வேட்டியில் துடைத்துத் துடைத்து வேட்டி சிவந்துபோனது.

மறுநாளே வெட்டுக்கட்டையை விட்டு எழாமல் ஊருக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்.

"பங்குக்கறி மாதிரிதான்யா. ஆடு புடிக்கிறதுக்கு முன்னாடியே நாம காசு குடுக்கிறமில்ல? அதே மாதிரி ஆலை ஓடுறதுக்கு முன்னாடியே காசு. ஒரு பங்கு பத்து ரூவா. கொறைஞ்சது நூறு பங்கு கேக்கணும்."

"கறி எப்ப வரும் அண்ணாச்சி?" என்று கேட்டவர் ஆட்டுக்காரர். அவரும் அவருடைய அண்ணனும் ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக் குடியிருந்தார்கள். ஊரில் பெரியவர், சின்னவர் என்றால் அவர்கள்தான். பெரியவர் காட்டைப் பார்த்தார், சின்னவர் கிடை போட்டு ஆடு மேய்த்தார்.

"இதுல கறி வராது. லாவம் வரும். ஆடு உசுரோடவே நிக்கும், நீ வருசா வருசம் பாலைக் கறந்துக்கிறலாம்."

"கெடாயில எங்கிட்டுப் பாலு?"

கடை சிரித்தது. சின்னவர் சிரிக்கவில்லை. "சரி, கூறு போடுறது யாரு?"

"கம்பெனி."

"அவுகளும் கடைசியிலதான் எடுப்பாகளா?"

நான் விண்ணப்பத்தாளின் பொடி எழுத்தைப் படித்திருந்தேன். "அவுக மொதல்லயே எடுத்துட்டாக" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். நான் ஏதோ நக்கல் பண்ணுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அருப்புக்கோட்டை ஏஜெண்டிடமிருந்து விண்ணப்பக் கட்டு வந்த அன்றே முதல் ரத்தம் விழுந்தது, மனுஷ ரத்தம். வந்த தாள் குறைவு, கை அதிகம். ஒருத்தன் கையிலிருந்ததை இன்னொருத்தன் பிடுங்க, பிடுங்கியவன் முடியை மூன்றாமவன் பிடிக்க, யாரோ தராசுத் தட்டிலிருந்த எடைக்கல்லை எடுத்து வீசிவிட்டான். உரக்கடைக் கணக்கரின் புருவம் கிழிந்து தொங்கியது. அவர் ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு மறு கையால் விண்ணப்பத்தை என்னிடம் நீட்டினார். "பேரு, அப்பா பேரு எழுது தம்பி, பெறகு ஆஸ்பத்திரிக்குப் போறேன்." சொட்டு விழுந்த தாளைப் பேங்கில் வாங்கமாட்டார்கள் என்று சொல்லி வேறு தாள் எடுத்தேன். அந்த வேறு தாளுக்கு மறுபடியும் அடிதடி.

சின்னவர் தன் கிடையை மச்சானுக்கே விற்றார். அந்தக் காசைத்தான் விண்ணப்பத்தோடு கட்டினார். அந்த ஆடுகளை நாங்கள் அறுத்துத் தீர்க்கும்வரை ஒரு நாள் விடாமல் கடைக்கு வந்து நின்றார். கழுத்தில் கத்தி ஏறுவதைக் கண் இமைக்காமல் பார்த்தார். தலையை மட்டும் கேட்டு வாங்கிப் போய்ப் பொசுக்கித் தின்றார்.

விண்ணப்பங்களையும் பணத்தையும் மஞ்சள் பையில் கட்டி, பையை வயிற்றில் கட்டி, நானும் மச்சானும் மதுரைக்கு பஸ் ஏறினோம். இஷ்யூ திறந்திருக்கும் சில நாளுக்குள் குறிப்பிட்ட பேங்கில் கட்டிவிட வேண்டும். வரிசை ரோட்டைத் தாண்டிப் போயிருந்தது. ஒரு போலீஸ்காரர் லத்தியால் முழங்காலுக்குக் கீழே மட்டும் தட்டிக்கொண்டே வந்தார், மாட்டை ஒழுங்குபடுத்துவது போல. மச்சான் நொண்டிக்கொண்டே கவுண்டருக்குப் போய்ப் பணத்தைக் கட்டினார். வெளியே வந்து ரெண்டு ஜிகர்தண்டா வாங்கினார். அந்த மனுஷர் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

பிறகு காத்திருப்பு. காற்று மண்ணை அள்ளி முகத்தில் அறைந்த மாதங்கள்.

ரிஜிஸ்டர் தபால்கள் வர ஆரம்பித்தன. விற்க வந்த பங்கைவிட விண்ணப்பம் ரெண்டு மடங்கு குவிந்துவிட்டதால் கம்பெனி குலுக்கல் போட்டிருந்தது. பாதிப் பேருக்குப் பங்குப் பத்திரம், பாதிப் பேருக்குக் கட்டிய பணம் திரும்பி வந்தது. பெரியவருக்கு விழுந்துவிட்டது. சின்னவருக்கு விழவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் பத்திரம், அந்தப் பக்கம் திரும்பி வந்த பணம்.

சின்னவர் கடைக்கு வந்த வேகத்தில் தொங்கிக்கொண்டிருந்த தொடை மோதி ஆடியது.

"எங்கண்ணனுக்கு விழுந்திருக்கு. எனக்கு ஏன் விழல?"

"கொலுக்கல்யா அது. கம்ப்யூட்டரு எடுத்துக் குடுத்திருக்கு."

"யாரு?"

"கம்ப்யூட்டரு."

"அவன் எந்த ஊர்க்காரன்?"

"ஆளு இல்லப்பா, மிசினு. மெட்ராஸ்ல இருக்கு."

"முதுகு காட்டி நின்னுச்சா?"

மச்சான் வாயைத் திறப்பதற்குள் கன்னத்தில் விழுந்தது அறை. ஈக்கூட்டம் மொத்தமாக எழும்பி மறுபடி உட்கார்ந்தது. அத்தனை பேர் பார்க்க, கையில் கத்தி இருக்க, மச்சான் அசையவில்லை. காசு கொடுத்தவனுக்குக் கூறு இல்லை என்று ஒரு தீபாவளிக்காவது சொல்லியிருக்கிறோமா? அவருக்கும் அதுதான் உறுத்தியது. பணம் பத்திரமாகத் திரும்பி வந்திருக்கிறதே என்று நான் சொன்னபோது, "காசைத் திருப்பிக் குடுத்தா ஆச்சா? பந்தியில உக்காந்தவனை எந்திரிச்சுப் போன்னு சொல்ற மாதிரி" என்றார்.

அந்த வாரம் ஊர் நாறியது. விழாதவன் விழுந்தவனின் ஆட்டுக்கு விஷம் வைத்தான். சின்னவர் கடப்பாரையை எடுத்து நடுச் சுவரில் குத்த, மண் பொத்தலாகி, பெரியவர் பெண்டாட்டியின் அடுப்பு தெரிந்தது. பொத்தல் வழியாக அவள் கொதிக்கிற சோற்று நீரை வீசினாள். சின்னவருக்குத் தோள் வெந்தது.

மச்சான் எல்லோரையும் கண்மாய்க்குள் கூப்பிட்டார். பத்திரம் வந்தவர் பத்திரத்தோடு, பணம் வந்தவர் பணத்தோடு. "மிசினு போட்ட கூறு சரியில்ல. நான் போடுறேன்" என்றார்.

கூட்டத்தில் மூச்சு இறங்கியது எனக்குக் கேட்டது.

ஓலைப்பாய் விரிந்தது. கறி கிடந்த இடத்தில் வழவழவென்று பச்சை ஓரம் போட்ட பத்திரங்கள். யாரோ, "ரெண்டு துண்டா வெட்டிருங்க அண்ணாச்சி" என்றார்கள். மச்சான் நிஜமாகவே ஒன்றை வெட்டுக்கட்டையில் வைத்துக் கத்தியை ஓங்கிவிட்டார். நான் பாய்ந்து இழுத்தேன். கத்தி கட்டையில் இறங்கியபோது என் பெருவிரல் நகத்தைச் சீவிக்கொண்டு போனது. "கிழிஞ்சா செல்லாது" என்று கத்தினேன். "வெட்டுனா வெறுந்தாளு."

அப்போது பிறந்ததுதான் அந்த ஏற்பாடு. ஒரு பத்திரத்துக்கு ரெண்டு ஆள். விழாதவர் தனக்குத் திரும்பி வந்த பணத்தில் பாதியை விழுந்தவருக்குக் கொடுப்பார், பத்திரத்தில் பாதி அவருடையது. பத்திரத்தை விற்க வேண்டுமென்றால் அதில் பேர் உள்ளவர் மாற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று நான் சொன்னேன். உடனே, பேர் இருக்கிறவன் ஏமாற்றிவிட்டால் என்று ஒரு சத்தம். "அப்பன்னா பேரு ஒருத்தனுக்கு, தாளு ஒருத்தனுக்கு" என்றார் மச்சான். தாளை மற்றவர் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டியது. ஒருத்தரை விட்டு ஒருத்தர் விற்க முடியாது. கண்மாயே தலையாட்டியது. நானும் ஆட்டினேன், அவ்வளவு நேர்மையாக இருந்தது அது. முதுகு காட்டி ஒருத்தர் நின்றார். "இது யாருக்கு?" பேர் வந்தது. "இது?" பேர் வந்தது. பெரியவரின் பத்திரத்தைத் தொட்டபோது முதுகு காட்டியவர் சின்னவர் பேரைச் சொன்னார்.

கடைசியில் ஒரு பத்திரம் ஜோடி இல்லாமல் மிஞ்சியது. அக்காவின் கழுத்துச் சங்கிலியை வைத்து அதை மச்சான் வாங்கிக்கொண்டார். அன்று சாயங்காலம் கிடா அறுத்தோம்.

கம்பெனி மெட்ராஸ் பங்குச் சந்தையில் ஏறியது. பத்து ரூபாய்ப் பங்கு பதினைந்து, பதினெட்டு. நான் டவுனுக்குப் போய்ப் பேப்பர் பார்த்து வந்து கடையில் விலை சொல்வேன். விலை சொல்லும்போதே ஜோடிகளுக்குள் கண் சிவக்கும். கொட்டகைக்கு இன்னும் ஒரு மிசின்கூட வரவில்லை என்பதைப் பெரியவர் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். வித்துருவோம் என்றார். கையெழுத்து அவரிடம். தாள் சின்னவரிடம்.

"இன்னும் ஏறும்" என்றார் சின்னவர்.

"ஏலே, ஆடு ஊதிப்போயிக் கெடக்கு. இன்னைக்கு அறுக்கலைன்னா நாளைக்கு நாறும்."

"ஒனக்கு மிசினு குடுத்துச்சு. எனக்கு அண்ணாச்சி குடுத்தாரு. என் பாதிய நான் விக்கமாட்டேன்."

பொத்தல் விழுந்த சுவருக்கு இருபுறமும் இதே பேச்சு. எல்லாத் தெருவிலும் இதே பேச்சு. ஒருத்தன் விற்கலாம் என்றால் ஒருத்தன் வேண்டாம் என்றான். அவன் சரி என்று வந்த நாளில் இவன் கையெழுத்துக்கு முறுக்கினான். ஒரு ஜோடியில் தாளைப் பிடுங்கப் போனவனின் முன்கையைக் கதிர் அரிவாள் கோடு போட்டது. ஒரு ஜோடியில் கையெழுத்துப் போட மறுத்தவனின் விரல்களை அம்மிக்கல்லில் வைத்து மிதித்தார்கள். மிதித்த பிறகு அந்த விரலால் பேனாவைப் பிடிக்க முடியவில்லை. எங்கள் ஊர்ப் பங்கு ஒன்றுகூடச் சந்தைக்குப் போகவில்லை. பதினெட்டு, பதினொன்று ஆனது. எட்டு, நான்கு, ஒன்றரை. ஒரு நாள் பேப்பரின் அந்தப் பொடிப் பட்டியலில் கம்பெனியின் பேரையே காணோம். அச்சுப் பிழை என்று நினைத்து மூன்று கடைகளில் மூன்று பேப்பர் வாங்கினேன்.

லாரி பிடித்து ஆலைக்குப் போனார்கள். வேலிக்குள் ஒரு காவலாளியும் கருவேல விதை பொறுக்கும் ஆடுகளும். கொட்டகைத் தகரத்தைக் கழற்றிப் போட்டு மிதித்தார்கள், தூணைச் சாய்த்தார்கள், காவலாளியைக் கட்டி வைத்து அடித்தார்கள். அவர் அழுதுகொண்டே, தானும் நூறு பங்கு வாங்கியிருப்பதாகச் சொன்னார். அதற்கு மேலும் ரெண்டு விழுந்தது. போலீஸ் வேன் வந்து, ஓடியவர்களின் முதுகில் லத்தி கோடு போட்டது. மதுரைக்காரரின் வீட்டில் பூட்டு. கார் வேறு யார் பேருக்கோ மாறியிருந்தது.

மச்சானை மட்டும் யாராலும் எப்போதும் கண்டுபிடிக்க முடியும். விடிந்தால் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கட்டைக்கு முன்னால் இருப்பார். அக்கா கொஞ்ச நாள் கடையைப் பூட்டச் சொல்லி அழுதாள். "பூட்டுனா நான் தின்னுட்டேன்னு ஆயிரும்" என்றார். அந்தக் கட்டைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் வரைதான் தன் பேர் உயிரோடிருக்கும் என்று அவர் நம்பினார். தன் உயிர் அதற்குப் பின்னால்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கூட்டம் இருந்தது. சின்னவர் தழை வெட்டும் அரிவாளோடு வந்தார். ஆடு இல்லாத ஆளுக்குத் தழை எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். வழி விட்டார்கள்.

"எங்காசு எங்கைக்குத் திரும்பி வந்துச்சுல்ல?" என்றார்.

"வந்துச்சு."

"அந்தக் கம்பெனி திருடன், அவன்கூட எனக்குத் திருப்பிக் குடுத்தான். புடுங்கித் தாளைக் குடுத்தது ஆரு?"

"நாந்தானப்பா கூறு போட்டேன்" என்றார் மச்சான்.

அவர் கையில் கத்தி இருந்தது. என்னைக் கேட்டால், அந்தக் கையை அந்த வட்டாரத்தில் யாராலும் முந்தியிருக்க முடியாது. அவரோ கத்தியைக் கட்டையில் கொத்தி நிறுத்திவிட்டு வெறுங்கையை முன்னே நீட்டினார். தடுக்கவா, கெஞ்சவா, வாங்கிக்கொள்ளவா, எனக்கு இன்னும் விளங்கவில்லை. அரிவாள் இறங்கியது. வலது கையில் ரெண்டு விரல் போய்க் கறித்துண்டுகளுக்கு நடுவே விழுந்தது. எது எதுவென்று ஒரு கணம் கண்ணுக்குப் பிடிபடவில்லை. ரத்தம் ஏற்கெனவே ரத்தமாக இருந்த கட்டையில் வழிந்து, ஆட்டு ரத்தத்தோடு கலந்து நின்றது. சத்தம் கேட்டு ஓடி வந்த அக்கா கட்டையில் நின்ற கத்தியை உருவிவிட்டாள். அவளை இடுப்போடு கட்டிப் பிடித்தேன். என் தோளைக் கடித்துச் சதையைப் பெயர்த்தாள். சின்னவர் ஓடவில்லை. இன்னொரு வெட்டு வெட்டுவதா, வீட்டுக்குப் போவதா என்று தெரியாமல் நின்றார்.

"போ" என்றார் மச்சான், கையை மார்போடு அணைத்தபடி. "போயிரு."

அருப்புக்கோட்டை பெரியாஸ்பத்திரியில் விரலை ஒட்ட முடியாது என்றுவிட்டார்கள். ஏட்டு வந்து கட்டிலோரம் உட்கார்ந்தார்.

"யாருய்யா வெட்டுனது?"

"யாரும் இல்ல சார். ஆடு வெட்டையில கை தவறிருச்சு."

ஏட்டு கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். "நீ வெட்டுறது எந்தக் கையில?"

"ரெண்டு கையிலயும் வெட்டுவேன் சார்."

"வலது கையை வலது கையாலயே வெட்ட முடியாது. அப்ப எடது கையால வெட்டிக்கிட்டேங்கிற."

"ஆமா சார்."

"நான் ஞாயித்துக்கெழமை கறி வாங்க வருவேன்" என்றார் ஏட்டு. "பாப்பம்."

கட்டுப் பிரிப்பதற்கு முன்பே மச்சான் இடது கையைப் பழக்க ஆரம்பித்தார். கடைக்குப் பின்னால் முதலில் விறகு, பிறகு மாட்டெலும்பு. கத்தி சறுக்கி முழங்காலில் இறங்கியது, ஒரு தடவை என் செருப்பு நுனியை வெட்டியது. கட்டை முழுக்கத் தப்பிய வெட்டுகள். ஒரு பொய்யை உண்மையாக்க ஒரு மனுஷன் இவ்வளவு வலியோடு பாடுபடுவதை நான் வேறெங்கும் கண்டதில்லை. சின்னவருக்காகவா? கேட்டேன். "அவன் உள்ள போனா யார் வந்து கேப்பா, அண்ணாச்சி நீர் ஏன்யா கூறு போட்டீருன்னு? எல்லாரும் கம்பெனிக்காரனை மறந்துட்டு அவனைப் பேசுவாங்க" என்றார். எனக்குப் புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது.

ஏட்டு வந்தார். முக்கால் கிலோ கேட்டார். மச்சான் இடது கையால் வெட்டினார், துண்டுகள் கோணல் மாணலாகத் தெறித்தன. ஏட்டு பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போனார். வழக்கு இல்லை. அந்தத் தீபாவளிக்குப் பங்குக்கறிக்கு யாரும் பணம் கொண்டுவரவில்லை. அவரும் கேட்கவில்லை. வருகிறவர்கள் கிலோக் கணக்கில் வாங்கினார்கள்.

பொங்கலுக்கு முந்தின நாள் சின்னவர் பெண்டாட்டி வந்து வரிசையில் நின்றாள். முன்னால் நின்றவர்கள் நகர்ந்து, அவள் கட்டைக்கு எதிரே வந்துவிட்டாள். அரைக் கிலோ என்றாள். மச்சான் நெஞ்செலும்பை எடுத்து வைத்து இடது கையை ஓங்கினார். வெட்டு ஓரமாக விழுந்து, எலும்புச் சில்லு ஒன்று பறந்து அவள் கன்னத்தில் குத்தியது. பொட்டு ரத்தம் கிளம்பியது. அவள் முந்தானையால் ஒற்றி, ஒற்றிய இடத்தைப் பார்த்தாள்.

"எலும்பு இல்லாமப் போடுங்க" என்றாள்.